பானட்டுக்குள் ஒரு சந்தனப் பொட்டு

பக்கத்து வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு பழைய கார் வாங்கி வந்தான். காலை ஏழு மணிக்கு அவன் சாவியைத் திருகினால் தெருவுக்கே கேட்கும். கீ...ச் என்று ஒரு கத்தல். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கும். மழை பெய்த நாளில் அடங்குவதற்கு இன்னும் நேரமாகும்.

"பேட்டரி போயிடுச்சுன்னு நெனைக்கறேன் ஆன்ட்டி. புதுசு மாத்திடலாம்னு கீறேன்" என்றான்.

"பேட்டரில கைய வைக்காத. மொதல்ல பெல்ட்டப் பாரு" என்றேன்.

"உங்களுக்கு எப்டி ஆன்ட்டி இதெல்லாம் தெரியும்?"

பள்ளிக்கூடத்துக்குப் போகாததால் தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. உள்ளே வந்து அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை பார்த்தேன். பின்கதவுத் தாழ்ப்பாளையும் பார்த்தேன். தாழ்ப்பாளை இழுத்தும் பார்த்தேன். நான் இப்படிப் பார்த்தால் வீட்டில் எல்லோரும் பயம் என்று நினைப்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்தது கோபத்தில்.

என் வயதுப் பெண்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் அதெல்லாம் அந்தக் காலம் என்று செல்போனைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்தக் காலத்தில் நாம்தானே இருந்தோம்.

திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற ரோட்டில் எங்கள் ஊர். நைனாவுக்கு ஒரு கார் இருந்தது. வெள்ளைக் கார், உருண்டை மூக்கு, கதவைச் சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம். காலையிலும் சாயங்காலமும் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகளைத் திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவார். முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, என்னையும் சேர்த்து எட்டுப் பேர். நடுப்பகலில் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, மலைக்குப் போகிறவர்களை ஏற்றுவார். என் இடம் முன்சீட்டில், நைனாவை ஒட்டி. அங்கே உட்கார்ந்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற சின்னச் சின்ன விளக்குகள் எல்லாம் தெரியும். சாவியைத் திருகியதும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். இஞ்சின் பிடித்ததும் அணைந்துவிடும். அது அணைந்தால்தான் எனக்கு மூச்சு வரும். எட்டாவது முடிக்கிற வரைக்கும் ஒரு நாள்கூட அது அணையாமல் இருந்ததில்லை. ஆனாலும் தினம் பார்ப்பேன். அப்போதே அப்படித்தான் நான்.

ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குக் கார் பானட்டைத் திறந்துவைத்துத்தான் படைப்பார்கள். ஊரில் இருந்த கார் அது ஒன்றுதான், ஆகவே எல்லோரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். நைனாவுக்கு அதில் ஒரு பெருமை. காலையில் இஞ்சினைக் கழுவித் துடைத்தார். பிறகு ஒரு கிண்ணியில் நல்லெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தார். வருடா வருடம் டயருக்கும் மிதியடி ரப்பருக்கும் எண்ணெய் தடவிப் பளபளவென்று ஆக்குவார். அந்த வருடம் டயரோடு நிற்கவில்லை. இஞ்சினுக்கு முன்னால் கறுப்பாக ஒரு பெல்ட் ஓடுமே, அதையும் விரலால் நகர்த்தி நகர்த்தி முழுக்கத் துடைத்தார். உள்பக்கம், வெளிப்பக்கம், ஒன்றும் விடவில்லை. எண்ணெய்க் கிண்ணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

"பாரு பாப்பா, புதுசு மாரி கீதா?"

"ஆங் நைனா."

அப்புறம் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது.

"ஒண்ணையும் வுடாத. எல்லாத்துக்கும் பொட்டு வை. டைனமோக்கு மறக்காம வை, அதான் வண்டிக்கு உசுரு."

டைனமோ என்பது அவர் வாய்ப்பழக்கம். பழைய டைனமோவை எடுத்துவிட்டு முந்தின வருடம்தான் ஆல்டர்னேட்டர் போட்டிருந்தார்கள். பெல்ட் சுற்றினால் அது சுற்றும், அது சுற்றினால் கரண்ட் வரும், அந்தக் கரண்ட்தான் பேட்டரியை நிரப்பும், நிரப்பாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாததால் என் தலையெழுத்து மாறிற்று.

காலையிலிருந்தே எனக்கு அடிவயிற்றில் வலி. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் பயம். கையைப் பானட்டுக்குள் விட்டு ஆல்டர்னேட்டரின் தலையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன். அதன் நடுவில் குங்குமம். அத்தை பக்கத்தில் கற்பூரத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவள் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. சாயங்காலம் என் பாவாடையைப் பார்த்ததும் அவள்தான் முதலில் கத்தினாள்.

"அடிப்பாவி! இத்தோடயா வண்டிக்குப் பொட்டு வெச்ச?"

பின்வாசலில் தென்னங்கீற்றால் குச்சு கட்டி உட்காரவைத்தார்கள். ஒன்பது நாள். மூன்றாம் நாள் காலையில் குச்சுக்குள் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். கீ...ச். கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் வருமே, அந்த மாதிரி. என் தோழிகள் ஏறிப்போனார்கள். சாயங்காலம் வண்டி திரும்பிய பிறகு நைனா அம்மாவிடம் சொல்வது கேட்டது.

"செவப்பு லைட்டு அணையவே மாட்டங்குது. ஆக்சிலேட்டர மிதிச்சா அணையுது, வுட்டா எரியுது."

அம்மா பதில் சொல்வதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்.

"எரியாம? வூட்டுப் பொண்ணு தீட்டோட உள்ள கைய வுட்டா அம்மாளு சும்மாவா இருப்பா?"

அம்மா எப்போதுமே பேசமாட்டாள். அத்தையைத் திட்டி அலுத்துவிட்டேன், நைனாவைத் திட்டி அலுத்துவிட்டேன். அம்மாவை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அவளுக்கும் அது மாதாமாதம் வந்ததுதானே!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழையில் வைப்பர் போடவேண்டும், சாயங்காலம் லைட் போடவேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வைப்பர் கண்ணாடியில் பாதி வழியில் நின்று யோசிக்குமாம். ஹாரன் அடித்தால் ஜலதோஷம் பிடித்த குரலில் வருமாம். என் தோழி குச்சு வாசலில் தள்ளி நின்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒரு நாள் கடைத்தெருவில் வண்டி நின்றுபோய், யூனிஃபார்மோடு ஏழு பேரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள்.

"எல்லாம் உன்னாலதான்னு உங்க அத்த சொல்லுது. நெஜமாவா?" என்று கேட்டாள்.

நிஜம் என்றுதான் நான் நினைத்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பதினாலு வயதுப் பெண் சாம்பலும் புளியும் போட்டு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், சந்தனம் ஒட்டிய நகம் சிவந்து தோல் உரிகிற வரைக்கும். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, வண்டிக்கு ஒன்றும் ஆகக்கூடாது முருகா, எனக்கு வேண்டுமானால் ஆகட்டும் என்றாள். அப்படி வேண்டிக்கொள்ள அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் சேர்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தேன். அத்தை கார்க் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"வண்டி சரியாவட்டும். அதுவரிக்கும் இவ இத்தத் தொடக்கூடாது."

"பஸ்ல போறேன் அத்த."

"வயசுக்கு வந்த பொண்ணு டவுன் பஸ்ல இடிபட்டுகினு போவியா? நல்லாருக்குதுடி."

நைனா ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பத்து நாளு பாப்பா. பேட்டரி மாத்திடறேன். அப்றம் போலாம்."

வண்டி சரியானால் பள்ளிக்கூடம். அன்றைக்கு அதுதான் எனக்குப் பேச்சு. அதை வைத்துக்கொண்டுதான் அந்த மழைக்காலம் முழுவதும் உயிரோடு இருந்தேன். காலையில் கிணற்றடியில் நின்று காது கொடுப்பேன். எத்தனை நேரம் கத்துகிறது, காய்ந்த நாளில் எத்தனை, ஈர நாளில் எத்தனை. ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஈரத்தில் அதிகம். லைட் போட்டால் அதிகம். இஞ்சின் சூடாகி ஓடியபின் குறைவு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு எனக்கு வரவில்லை. இந்தக் கணக்கு வந்தது.

புது பேட்டரி வந்தது. நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் சாவியைத் திருகினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம். புது பேட்டரியும் காலி. நிரப்புகிறவன் நிரப்பாவிட்டால் எந்தக் குடத்தில்தான் தண்ணீர் இருக்கும்? பக்கத்து ஊர் லாரிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, பேட்டரியே மட்டம் என்றார். இன்னொருவர் ஒயரிங் என்றார். அத்தை எலுமிச்சம்பழம் நசுக்கினாள், பூசணிக்காய் உடைத்தாள். ஒரு கிருத்திகைக்கு வண்டியை மலைமேல் கொண்டுபோய் அர்ச்சனை செய்துவரலாம் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள், என்னைத் தவிர. மலைப்பாதையில் பாதி ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துப் புகை வந்து வண்டி நின்றுவிட்டது. அந்தப் பெல்ட்தான் இஞ்சினைக் குளிரவைக்கிற காற்றாடியையும் சுற்றுவது. அது வழுக்கினால் காற்றாடியும் சுற்றாது. இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? கொண்டை ஊசித் திருப்பத்தில் அத்தை இறங்கி நடந்து மேலே போய், இறங்கி வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"சாமியே உன்ன வாணான்னுட்டாருடி."

நைனா தன் கைவேலையையும் ஆரம்பித்தார். டைனமோ காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. இஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பார்கள். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த வழக்கத்தில் ஒயரைக் கழற்றினார். வண்டி ஓடியது, "டைனமோ நல்லாத்தான் கீது" என்றார். சந்தேகம் தீராமல் மறுபடி கழற்றினார். அதோடு சிவப்பு விளக்கு நிரந்தரமாக எரிய ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் அணையவில்லை.

நடுவில் ஒரு நாள் கணக்கு டீச்சர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, "அரைப்பரீட்சை வரப்போகுது, ஏன் அனுப்பலை?" என்று கேட்டார்.

"வண்டி ரிப்பேர் டீச்சர்" என்றாள் அத்தை.

"நான் பஸ்ஸுலதானே வந்தேன்?"

"நீங்க டீச்சருங்க."

டீச்சருக்குக் காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போனார். அவர் இன்னும் ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கார்த்திகை பிறந்தபின்தான் அரக்கோணத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஒல்லியான ஆள், மொபெட்டில் சாக்குப்பை, பையில் ஸ்பேனர். நைனா விளக்கமாக எல்லாவற்றையும் சொன்னார். பாய் கேட்டுக்கொண்டார் என்று சொல்லமுடியாது. பானட்டைத் திறந்து, இஞ்சின் நிற்கும்போதே ஆல்டர்னேட்டரின் முன்னால் இருக்கிற சக்கரத்தை விரலால் திருப்பினார். பெல்ட் நகரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றியது. அவ்வளவுதான். சிரித்துவிட்டார்.

நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"அண்ணா, இத வெரலாலயே சுத்த முடியுது பாரு. பெல்ட்டு புடிச்சுகினு இருந்தா இது அசையவே கூடாது." பெல்ட்டைக் கழற்றி மடக்கிக் காட்டினார். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி மின்னியது. மோந்து பார்த்தார். "இன்னாண்ணா இது, நல்லெண்ண வாசன வருது? பெல்ட்டுக்குத் தீபாவளிக் குளியலா?"

நைனா துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரப்பருக்கு எண்ண ஆவாதுண்ணா. ஊறிப்போயி வழுக்கும். வழுக்கிவழுக்கித் தேஞ்சி இப்டிப் பளபளன்னு ஆயிடும். அப்றம் இறுக்கனாலும் புடிக்காது. இத்தினி நாளா கத்திகினு இருந்தது இதான். யாரு தடவுனது?"

நைனா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆயுத பூசைக்கு பொம்பளைங்க இன்னாத்தையோ தடவி வெச்சிட்டாங்க பாய்."

பொம்பளைங்க. கையில் கிண்ணி பிடித்துக்கொண்டு நின்றதற்கு எனக்குக் கிடைத்த பேர். அந்த மழைக்காலம் முழுவதும் அத்தை சொன்னதெல்லாம் சேர்ந்தும் இந்த ஒரு சொல் அளவுக்கு என்னைச் சுடவில்லை. அத்தை நம்பிச் சொன்னாள். இவர் தெரிந்து சொன்னார்.

பாய் பெல்ட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "பொம்பளைங்க இவ்ளோ உள்ள கைய வுட்டாங்களா? சரி வுடு. இத மாத்திடலாம். லைட்டு ஏன் ஒரேயடியா எரியுது? ஓட்டத்துல ஒயர கழட்டுனியா?"

"டைனமோக்கு அப்டித்தான பாப்பாங்க?"

"இது டைனமோ இல்லண்ணா. ஓட்டத்துல கழட்டுனா உள்ள கீற டயோடு வெந்துடும். வெந்துடுச்சி. நான் கழட்டி எடுத்துகினு போறேன், கடைல பிரிச்சிப் போட்டாதான் ஆவும்."

ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றினார். அதன் தலையில் என் சந்தனப் பொட்டு காய்ந்து, பாதி உதிர்ந்து, இன்னும் இருந்தது. கட்டைவிரலால் துடைத்துவிட்டார். அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாகத் துடைத்தார். அந்த ஒரு நொடியில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதைச் சொல்லத்தான் வேண்டும். நான் செய்யவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை.

ஆறு நாள் கழித்து வந்து மாட்டினார். புதுப் பெல்ட், விரலால் அழுத்தினால் கொஞ்சம்போல் மட்டும் இறங்கியது. "இவ்ளோதான் இறங்கணும், இதுக்கு மேல இறங்குனா இறுக்கிக்கோ. எண்ண மட்டும் காட்டாத" என்றார். சாவியைத் திருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது, இஞ்சின் பிடித்தது, அணைந்தது. லைட் போட்டார், வைப்பர் போட்டார், ஹாரன் அடித்தார். எதற்கும் விளக்கு எரியவில்லை. ஊரே கேட்கிற மாதிரி அந்த ஹாரன்! நான் உள்ளே ஓடி ஜாமெட்ரி பாக்ஸைத் தேடினேன். காம்பஸ் துரு பிடித்திருந்தது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அரைப்பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது.

மறுநாள் காலை தலைக்குக் குளித்து, தாவணி கட்டி, இரட்டைச் சடை போட்டு வாசலுக்கு வந்தேன். நைனா டிக்கியை மூடிக்கொண்டிருந்தார். ஏழு பேரும் ஏறியிருந்தார்கள். முன்சீட்டில் என் இடத்தில் ரைஸ்மில் வீட்டுப் பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நைனா, வண்டி சரியாயிடுச்சே."

"எடமில்ல பாப்பா. ரைஸ்மில்காரரு பொண்ணு போன மாசத்துலேர்ந்து வருது. எறங்குன்னு எப்டி சொல்றது?"

"பத்து நாளுன்னியே?"

"எட்டாவது பாஸ் பண்ணிட்ட இல்ல? வயசுக்கு வந்த பொண்ணு. போதும் வுடு. அத்தயும் அதான் சொல்லுது."

நான் இறுக்கிப் பிடித்திருந்த பையைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் பயப்படாமல் பேசியது அன்றைக்கு ஒரு தடவைதான்.

"எண்ண தடவுனது நீதான நைனா. கிண்ணிய நான்தான் புடிச்சுகினு இருந்தேன்."

அவர் வீட்டுக்குள் அத்தை எங்கே இருக்கிறாள் என்று பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

"எனுக்குத் தெரியாதா பாப்பா. உள்ள போ. பெரியவங்க காதுல வுழப்போவுது."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். நான் வாசலிலேயே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். ராத்திரி மழை பெய்திருந்தது, எல்லாம் ஈரம். ஈர நாளில்தான் அதிகம் கத்தும் என்று எனக்குத் தெரியும். கத்தட்டும், ஒரே ஒரு தடவை கத்தட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பிப் போனது. பாய் நல்ல வேலைக்காரர்.